படுத்தது நானல்ல

ஐப்பசிக் கடைசியில் என் மகன் கராஜ் வாசலில் நின்று சொன்னான்: "அப்பா, ஸ்நோ கொட்ட முதல் உந்தக் காரைக் குடுத்துவிடுங்கோ. மாசியோடை உங்களுக்கு எண்பது. ஸ்பிரிங்கிலை லைசன்ஸ் இருக்குமோ எண்டே தெரியாது. பிறகேன் வின்ரர் முழுக்க அதைப் பொத்தி வைக்கிறியள்?"

அவன் சொன்னதில் பாதி உண்மை. இந்த மாகாணத்தில் எண்பது வயதானால் லைசன்ஸைப் புதுப்பிக்க நேரில் போகவேண்டும். கண்ணைச் சோதிப்பார்கள். மேசையில் இருத்தி, ஒரு தாளைத் தந்து, மணிக்கூடு வரையச் சொல்வார்கள். வரையத் தெரியாதவன் ஓட்டத் தெரியாதவன்.

கார் ஆறு சிலிண்டர். இரண்டே இருக்கை. கையால் கியர் மாற்றவேண்டும். நிறம் கடும் நீலம். ஓய்வு பெற்றதும் மிசிசாகாவில் ஒருவரிடம் வாங்கினேன். அதுவரை உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் போல்ட்டும் நட்டும் எண்ணுவதுதான் என் தொழில். ஓட்டியது பிள்ளைகளும் அரிசி மூட்டைகளும் ஏறிய வேன். அந்த வேனை ஓட்டியபோது யாரும் என் கண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பனிக்காலம் முடியும்மட்டும் ஓட்டாமல் நிறுத்திவைக்க, நான் காரைப் படுக்கவைக்கும் வேலையைத் தொடங்கினேன். மகனுக்கு அதுதான் பதில். வசந்தத்தில் எடுக்கப்போகிறவன்தான் இப்போது பொத்தி வைப்பான்.

பனியை உருக்க ஸ்காபரோத் தெருக்களில் உப்புப் போட்ட பிறகு, துருப்பிடிக்கும் என்பதால் அந்தக் காரை வெளியே எடுக்கக்கூடாது. கழுவி மெழுகு பூசினேன். ஒயிலை மாற்றினேன். தாங்கி நிறையப் பெற்றோலும், அது கெடாமல் இருக்க ஒரு மருந்தும் ஊற்றினேன். ரயர்களுக்கு வழமையைவிடக் கூடுதலாகக் காற்று அடித்தேன். கைப்பிரேக் இழுத்துவிட்டால் பனிக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இழுக்காமல் சில்லுகளுக்குக் கட்டைகள் வைத்தேன். எலி புகாமல் புகைக்குழாய் நான்குக்குள்ளும் இரும்புப் பஞ்சு அடைத்தேன். நான்கு குழாய், நான்கு உருண்டை. வசந்தத்தில் நான்கும் வெளியே வந்தால்தான் எஞ்சினை முடுக்குவேன். பற்றறி சாகாமல் சுவரிலிருந்து ஒரு மெல்லிய மின்கம்பி கொளுவினேன். கடைசியாகத் துணி உறை.

நான் கராஜிலேயே கிடப்பது மனைவிக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வடக்கே ஸ்ரௌவ்வில் ஊரில் இருக்கும் அவளுடைய சித்தப்பா மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தான் எப்பிடி அக்கா?" என்று கேட்டிருக்கிறாள்.

கேள்வி என்னைப் பற்றியது. மனைவி சொன்ன பதில் காரைப் பற்றியது. "எப்பிடி எண்டால்? படுக்கப் போட்டாச்சு. இனிச் சித்திரை மட்டும் படுக்கைதான். வயர் கொளுவிக் கிடக்கு, உயிர் போகாமல். பின்பக்கம் எல்லாம் அடைச்சாச்சு. துணியாலை மூடியும் விட்டாச்சு."

இலக்கண வகுப்பில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். எழுவாயைச் சொல்லாமலே நாம் நாள் முழுக்கப் பேசுவோம், பிழை வராது. அன்று வந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் பின்சில்லுக்குக் கீழே கட்டையை இறுக்கிக்கொண்டிருந்தேன். கராஜ் கதவு திறந்திருந்தது. வெளியே தெரிந்தவை என் இரண்டு கால்கள் மட்டுமே.

"ஐயோ அத்தான்!" என்று ஒரு கூச்சல். ஒரு பை விழுந்தது. என் முகத்துக்கு நேரே ஆரஞ்சு நிறத்தில் தோடம்பழங்கள் உருண்டு வந்தன.

தலையை வெளியே நீட்டினேன். அந்த ஸ்ரௌவ்வில் மைத்துனியும் அவள் கணவனும். "என்ன பிள்ளை, ஆர் செத்தது?"

"அண்ணை, நீங்கள் படுத்த படுக்கை எண்டல்லோ கேள்விப்பட்டம்!" என்றார் கணவர்.

"படுக்கைதான். உந்தா கிடக்கு, வயரும் கொளுவிக்கொண்டு."

மனைவி உள்ளே இருந்து ஓடிவந்தாள். தொலைபேசியில் சொன்னது காரைப் பற்றி என்று விளங்கியதும் இரண்டு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மைத்துனியின் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. உறையின் ஓரத்தை உயர்த்தி மட்கார்டைத் தடவினார்.

"எத்தினை கிலோமீற்றர் ஓடியிருக்கு அண்ணை?"

"வருத்தக்காரனைப் பாக்க வந்தநீர் மீற்றரை ஏன் கேக்கிறீர்?"

"இல்லை, தம்பி சொன்னவர்... நீங்கள் இனி எப்பிடியும் ஓட மாட்டியள், ஒரு நல்ல ஆளிட்டை போனால் நல்லம் எண்டு."

தம்பி என்றால் என் மகன். எனக்குக் காது சுட்டது. என் காரை, நான் இன்னும் அதன் கீழே படுத்திருக்கும்போதே, பங்கு போட்டிருக்கிறார்கள்.

"தம்பி வேணுமெண்டால் தன்ரை காரை விக்கட்டும். உறையை விடும், உள்ளை தூசி போகும்."

அதற்குள் நான் படுத்துவிட்டேன் என்ற செய்தி பரவிவிட்டது. தொலைபேசியில் நான் நல்ல சுகம் என்றால், "பாவம், எவ்வளவு தைரியமாக் கதைக்கிறார்" என்றார்கள். பதினொரு வீட்டார் வந்தார்கள். எல்லார் கையிலும் தோடம்பழம். ஐம்பத்துமூன்று சேர்ந்தன. நான் கதவைத் திறந்தால் ஏமாற்றத்தோடு பார்த்தார்கள்.

மகன் வந்து பழக்குவியலைக் காட்டினான். "பாருங்கோ அப்பா, சனமெல்லாம் நீங்கள் விழுந்திட்டியள் எண்டு நம்புது. ஏன் நம்புது? வயசு அப்பிடி."

"சனம் நம்பினால் நான் விழவேணுமோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"ஸ்ரௌவ்வில்காரனிட்டைச் சொன்னாய்தானே."

அவன் ஒரு பழத்தை எடுத்து உரித்தான். தோலைக் குப்பையில் போடப்போனான். நான் வாங்கிக்கொண்டேன். தோடம்பழத் தோலின் மணம் எலிக்குப் பிடிக்காது என்று எங்கோ வாசித்திருந்தேன். ஐம்பத்துமூன்றின் தோலையும் காயவைத்து இருக்கைகளுக்குக் கீழே பரப்பினேன். நோயாளிக்கு வந்த பழம் நோயாளிக்கே போய்ச் சேர்ந்தது.

மாசியில் கண் சோதித்தார்கள். தேறினேன். மணிக்கூடு வரையச் சொன்னார்கள். வட்டம் கொஞ்சம் கோணல்தான். பன்னிரண்டு இலக்கங்களையும் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தேன். எண்ணியே சம்பளம் வாங்கியவனிடம் பன்னிரண்டைக் கேட்டால் எப்படித் தவறும்?

சித்திரையில் மழை வந்து தெருவின் உப்பைக் கழுவிய பிறகு நான்கு உருண்டைகளையும் இழுத்து எடுத்தேன். நான்கு. எஞ்சின் ஒரே முடுக்கில் உறுமியது. எலி ஒன்றும் வரவில்லை. காய்ந்த தோலால் உள்ளே கிறிஸ்மஸ் கேக் மணம்.

அப்போதுதான் மனைவி சொன்னாள், ஸ்ரௌவ்வில்காரர் வாசலில் ஈரப்பனி அள்ளப்போய் முதுகு பிடித்து இன்னும் எழும்பவில்லையாம்.

பார்க்க வந்தவரைப் போய்ப் பார்ப்பதுதானே முறை. ஒரு பை தோடம்பழம் வாங்கி மனைவியின் மடியில் வைத்தேன். வடக்கே போகும் தெருவில் மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாற்றினேன். "மெல்லப் போங்கோப்பா" என்றாள். சட்டம் விட்ட வேகத்தில்தான் போனேன். சத்தம் மட்டும்தான் கூட.

அந்தச் சத்தம் கேட்டே அவர் சோபாவில் தலையைத் தூக்கியிருந்தார்.

"எப்பிடி இருக்கிறீர்? படுத்த படுக்கை எண்டு கேள்விப்பட்டன்" என்றேன்.

"அண்ணை... காரிலையோ வந்தனியள்?"

"ஓம். நீர் கிடவும், எழும்பாதையும்." பழப்பையை அவர் தலைமாட்டில் வைத்தேன். "தோலை மட்டும் எறியாமல் எடுத்து வையும். வாற வின்ரருக்கும் எனக்குத் தேவை."