ரேகை விழாத விரல்கள்

கண்காட்சித் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக ஓர் உயர் அதிகாரி வந்திருந்தார். புதுக்கோட்டை ஓவிய ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், போட்டோ எடுப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். நானும் இருந்தேன். அம்மா வரவில்லை. சுவரில் தொங்கியவையோ அம்மாவின் விரல்கள்.

அம்மா கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். உடைக்கும்போது ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். எவ்வளவு சாம்பல் பூசினாலும் விரல் நுனி உரிந்து வழவழவென்று ஆகிவிடும். ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாது. அரிசி போடும் நாள் நெருங்கினாலே அம்மாவுக்குச் சோறு இறங்காது. தேங்காயெண்ணெய் தடவுவார், துடைப்பார், விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.

சிறு வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த அந்தப் பயத்தைத்தான் படமாகச் செய்தேன். கிழிந்த முந்திரிச் சாக்கின்மேல் எழுத்து மங்கிப்போன ரேஷன் ரசீதுகளை ஒட்டினேன். அதன்மேல் கரியைத் தொட்டு அம்மாவை விரல் வைக்கச் சொன்னேன். கோடே இல்லாத கறுப்பு வட்டங்கள் விழுந்தன.

ரேஷன் கார்டில் பெயர் உள்ள எல்லாரும் ரேகை வைக்க வேண்டும், வைக்காதவர் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் விழா நடந்த அன்று, புது ரேகை எடுக்கும் ஆதார் மையத்தில் அம்மா வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி என் சாக்கின் முன்னால் நின்றார். "டெக்ஸ்சர் பிரமாதம் தம்பி. பதற்றத்த அப்படியே கொண்டாந்துட்டீங்க" என்று சொல்லி செல்ஃபி எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அம்மா போனில் வந்தார்.

"விழலப்பா. ஒன் சாக்குல வச்சா கைதட்டுறாங்க. இங்க வச்சா, போயி கையக் கழுவிட்டு வாங்கங்கிறான்."

போனை வைக்காமலே அதிகாரியிடம் கேட்டேன். "சார், இது எங்கம்மா வெரலுதான். இப்ப மையத்துல நிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்ல முடியுங்களா?"

"அது சிஸ்டம் தம்பி. நம்ம கையில இல்ல."

சிரித்தபடியே அடுத்த படத்துக்கு நகர்ந்தார். விழா நடத்தியவர் என் தோளை அழுத்தி, "வீட்டுல மொதல்ல படிச்ச பையன் சார், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் கேட்டது உணர்ச்சியா? கார்டில் என் அம்மாவின் பெயரைக் கேட்டேன். சாக்கைக் கழற்றிச் சுருட்டினேன். போர்த்திய பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மையத்தில் இருந்தவர் அம்மாவிடம், "ஒரு மாசம் வேலைக்குப் போகாதீங்கம்மா. தோல் வளந்தா ரேகை வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுவரைக்கும் வெரலையா சூப்பிக்கிட்டு கெடக்கிறது?" என்றார் அம்மா.

வேறு வழியில்லாமல் அம்மா வீட்டில் இருந்தார். காலையில் எழுந்ததும் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "கோடு தெரியுதா பாரு" என்பார். கடைசியில் ரேகை விழுந்தது; பெயர் நின்றது. விலையில்லா அரிசிதான். அதற்கு அம்மா இழந்த கூலி, பஸ் காசு, மையத்தில் கட்டியது எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஏழாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.