சின்ன மாப்பிள்ளையின் கைராசி

ஃப்ரிட்ஜ் விற்கிறவருக்கு வாய்தான் முதலீடு. 'ரெடி'க்கு அது தாராளமாகவே இருந்தது. எதைக் கேட்டாலும் "இதோ ரெடி" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. முடியுமா முடியாதா என்பதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் யோசிப்பார். ஷோரூமில் அது செல்லுபடியானது. மாமனாரிடம் ஆகவில்லை.

மாமனாருக்கு இரண்டு மாப்பிள்ளைகள். பெரியவர் ஏதோ பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவர். அவருக்கு மாமனார் நேராகவே போன் போடுவார், சிரித்துச் சிரித்துப் பேசுவார். சின்னவரான ரெடிக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளைக் கூப்பிட்டு, "அவர்கிட்ட சொல்லிடும்மா" என்பார். 'அவர்' பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரெடியின் செல்போனில் 'மாமா' என்ற எழுத்து ஒரு தடவைகூட ஒளிர்ந்ததில்லை. அது அவருக்கு உறுத்தியது. நன்றாகவே உறுத்தியது.

மாமனார் வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களின் பவர் விவரமெல்லாம் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. அது விழித்துக்கொள்வதற்குள் வந்தவருக்குப் பார்வை இன்னும் கொஞ்சம் மங்கிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்த ரெடி, "இந்தப் பெட்டியிலயே புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டா பறக்கும் மாமா. இதோ ரெடி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முன்பின் செய்த பழக்கம்? செல்போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார், அதுவும் பாதி.

பழைய விவரங்களை முதலில் பத்திரமாக எடுத்து வைக்கத் தோன்றியது மாமனார் செய்த புண்ணியம். பிறகு புது சிஸ்டத்தை ஏற்றி வந்திருந்த பென்டிரைவைச் செருகினார். திரை கேள்வி மேல் கேள்வி கேட்டது. வாடிக்கையாளருக்குத் தலையாட்டுவதுபோல எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனார். கடைசியில் புது சிஸ்டம் பளிச்சென்று திறந்தது. மாமனார் வாயைப் பிளந்தார். ரெடி பென்டிரைவைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, காலரைத் தூக்கிவிட்டபடி கிளம்பினார்.

மறுநாள் காலை செல்போன் ஒளிர்ந்தது. மாமா!

"மாப்ள, ஸ்க்ரீன் கருப்பா நிக்குது. வெள்ளை எழுத்துல ஏதோ சொல்லுது. கொஞ்சம் வர்றீங்களா?"

மனசு துள்ளியது. ரெடி பறந்துபோய்ப் பார்த்தார். எதிலிருந்து கிளம்புவது என்று தெரியவில்லை என்றது கம்ப்யூட்டர். அவருக்கும் தெரியவில்லை. ஒயர்களை ஆட்டினார், பெட்டியைத் தட்டினார், ஊதிக்கூடப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து போட்டுத் தொலைக்கலாம் என்று பென்டிரைவைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும், ஒன்றுமே நடக்காததுபோல சிஸ்டம் திறந்துகொண்டது. திருதிருவென விழித்தவர், மாமனார் பார்ப்பதைக் கண்டதும் முகத்தை மாற்றிக்கொண்டார்.

"சின்னக் கோளாறுதான் மாமா."

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். மாமனாரோ கடையைப் பூட்டும்போது ஒரு ஸ்விட்ச் விடாமல் அணைக்கிறவர். அதனால் மறுநாளும் அதே கதைதான். ரெடி வந்தால் ஓடும், போனால் படுத்துக்கொள்ளும். கடையில் கண் பரிசோதிக்கும் அம்மா சொல்லியே விட்டார்: "சாருக்குக் கைராசி. நாங்க போட்டா முறைக்குது, அவர் போட்டா சிரிக்குது."

ரெடிக்கே பயமாகிவிட்டது. ஷோரூமில் பில் போடும் பெண்ணிடம் மெதுவாக விசாரித்தார். அவள் சிரித்துத் தீர்த்தாள்.

"சிஸ்டத்தோட ஒரு துண்டை எங்க பதியணும்னு கேட்டிருக்கும், நீங்க பென்டிரைவையே காட்டிட்டீங்க சார். சிஸ்டம் முழுக்க கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதை எழுப்பிவிடுற துண்டு மட்டும் உங்க பாக்கெட்ல சுத்துது. ஒரே ஒரு வரி அடிச்சாப் போதும், அதுவும் கம்ப்யூட்டருக்குள்ளயே போயிடும்." அந்த வரியை அவர் செல்போனுக்கு அனுப்பியும் வைத்தாள்.

சரிசெய்துவிடும் எண்ணத்தோடுதான் மறுநாள் கடைக்குள் நுழைந்தார், சத்தியமாக. ஆனால் மாமனார் ஒரு வாடிக்கையாளரிடம், "இவர்தான் நம்ம சின்ன மாப்பிள்ளை. இவர் கை பட்டாத்தான் கம்ப்யூட்டரே ஓடும்" என்று அறிமுகப்படுத்தினார். ரெடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யார்தான் சரிசெய்வார்கள்?

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாரங்கள் ஓடின. தினமும் காலை மாமாவின் போன் வரும், ஷோரூமுக்குப் போகும் வழியில் கடைக்கு வருவார். உள்ளங்கையில் பென்டிரைவை மறைத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் தடவுவார். பிறகு டீ வரும், பேச்சு வரும். ஃப்ரேம் விலையில் தொடங்கிய பேச்சு, போகப் போக மாமனாரின் கடைவாய்ப்பல் வரைக்கும் வந்தது. "எங்கப்பாவுக்குப் பல்வலியா? எனக்கே தெரியாதே!" என்று மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

அவளேதான் ஒருநாள் குண்டையும் தூக்கிப் போட்டாள். "ஏங்க, ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்காரர் வர்றாராம். கம்ப்யூட்டர் ஏன் தினம் மக்கர் பண்ணுதுன்னு பார்த்துடுறேன்னு சொன்னாராம்."

ரெடியின் முகத்தில் ஈயாடவில்லை. சகலை தொட்ட மாத்திரத்தில் குட்டு உடைந்துவிடும், குடும்பமே கூடிச் சிரிக்கும். சனிக்கிழமை, மாமனார் லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்த ஒரு வரியை அடித்தார். பென்டிரைவ் இல்லாமலே சிஸ்டம் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார், தட்டிப் பார்த்தார், "நல்லாத்தானே இருக்கு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மானம் தப்பியது. ஆனால் திங்கட்கிழமை போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் மனைவிக்கு வந்தது: "கம்ப்யூட்டர் ஜோரா ஓடுதுன்னு அவர்கிட்ட சொல்லிடும்மா." ஒழுங்காக வேலை செய்ததற்கு இப்படியொரு தண்டனை எதிரிக்குக்கூட வரக்கூடாது. அந்த வாரம் ஃப்ரிட்ஜ் வாங்க வந்தவர்களிடம் ரெடி, "யோசிச்சு வாங்குங்க" என்று சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டார்.

அப்புறம் ஒரு காலை, செல்போன் ஒளிர்ந்தது.

"மாப்ள, மறுபடியும் கருப்பு."

ஓடினார். திரையில் இந்தத் தடவை வெள்ளை எழுத்துகூட இல்லை. குனிந்து மேசைக்கு அடியில் புகுந்து பார்த்தார். பிளக் சுவரில் இல்லை. கழன்று விழுந்ததாகவும் தெரியவில்லை. யாரோ பிடுங்கி, ஒயரை அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருந்தார்கள்.

தலையை நீட்டிப் பார்த்தார். மாமனார் ஒரு கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, இல்லாத தூசியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் பரிசோதிக்கும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார், தோள்கள் குலுங்கின. ரெடி மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மாப்ள, பெரிய ரிப்பேரா?"

"ஆமா மாமா. இன்னைக்கு ஒரு நாள்ல முடியாது போலிருக்கு."

"அவசரமே இல்ல" என்றார் மாமனார். "ரெண்டு டீ சொல்லியாச்சு."