மஞ்சள் கட்டம் போய்ச் சேரவில்லை

விராலிமலைப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறோம். எட்டாவதோடு நின்றவள் நான். எதையும் எழுதி வைக்காவிட்டால் நெஞ்சு படபடக்கும். மிஷினுக்கான கையேடு பி.டி.எஃப். ஆக செல்போனில் இருந்தது. இலவச ஆப் ஒன்றில் அதைத் திறந்து, அங்கங்கே மஞ்சள் கட்டம் போட்டுத் தமிழில் குறிப்பு எழுதினேன். ‘ஆஃப் பண்ணினாலும் நம்ம மிஷின் உடனே நிக்காது. பெல்ட் நின்னதுக்கு அப்புறம்தான் மூடியைத் திறக்கணும்’ என்பதுதான் அதில் முக்கியம்.

ஒரு கல்யாணத்துக்கு ஆவுடையார்கோவில் போனபோது, மில்லைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பந்தியில் உட்கார்ந்ததும் போன் வந்தது.

“அண்ணி, ஆஃப் பண்ணிட்டுத்தான் மூடியைத் தொறந்தேன். முந்தானையை இழுத்துருச்சு! கிழிஞ்சதால தப்பிச்சேன்.”

“அதைத்தானே எழுதி அனுப்பினேன், பாக்கலையா?”

“முழுசாப் பாத்தேன். நீங்க எழுதுனது ஒண்ணுமே இல்லீங்க.”

இலையை விட்டு எழுந்து, அவளுக்கு அனுப்பியதை வாட்ஸ்அப்பிலேயே திறந்து பார்த்தேன். குறிப்பெல்லாம் என் ஆப்பிலேயே தங்கிவிட்டது. அவளுக்குப் போனது வெறும் கையேடு.

இப்போது குறிப்போடு சேர்த்துச் சேமித்துத்தான் அனுப்புகிறேன். வெளியே கிளம்பும் முன் அவள் போனிலேயே திறந்து, சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்.

“எனக்குப் பரீட்சையா வைக்கிறீங்க?” என்று கிண்டலடிக்கிறாள். அடிக்கட்டும். அவள் வாசித்து முடிக்கும்வரை நான் செருப்பு மாட்டுவதில்லை.