காட்டுக்குப் போகிறவருக்கு நான் வாங்கிக் கொடுத்தவை

வீடு வாசல் இருக்கிறவன் காட்டில் போய்ப் படுப்பானா? எண்பதுகளின் நடுவில், ஓசூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தபோது இந்தக் கேள்வி என்னை ஆறு மாதம் தின்றது. நான் பிறந்தது காவேரிப்பட்டினத்துப் பக்கம். அங்கே வெளியில் படுப்பவர்கள் நிலக்கடலைக்குப் பன்றிக் காவல் இருப்பவர்கள்தான். அவர்களும் எப்போது விடியும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுதான் கிடப்பார்கள். ஆசைக்காகப் போய்ப் படுக்கிறேன் என்று ஒரு மனுஷர் சொன்னால் எப்படி நம்புவது?

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் பிரஸ் செக்‌ஷன். இரும்புத் தகட்டை மெஷினில் அடித்து வளைக்கும் வேலை. கரண்ட் பற்றாக்குறையால் ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் ஒவ்வொரு நாள் லீவு, அவருக்கு வெள்ளி. வியாழன் மதியம் ஷிப்ட் முடிந்ததும், கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரரைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். நாட்றாம்பாளையம் தாண்டிக் காட்டுக்குள் ஆற்றங்கரையில் தங்கல், வெள்ளி மத்தியானம் வீடு. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், “நல்லா இருக்கும்மா” என்பார். அதோடு சரி.

வீட்டில் இருக்கும்போதும் அவர் இங்கே இல்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பேசினால் என் வாயையே பார்ப்பார். குற்றம் செய்தவன்தான் அப்படிப் பார்ப்பான் என்று முடிவு கட்டினேன். படுத்தால் புரண்டுகொண்டே இருப்பார். “செவிடன் காதுல ஊதுன சங்குதான் எம் பேச்சு” என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். எவளோ ஒருத்தி இருக்கிறாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் யார், எந்த ஊர் என்பதில்தான் சந்தேகம்.

சண்டை போட்டால் உஷாராகிவிடுவார். அதனால் பரிசு கொடுக்க ஆரம்பித்தேன். ஜூஜுவாடி செக்போஸ்ட் அருகே லாரிக்காரர்களை நம்பி ரோட்டோரம் கடை விரித்திருப்பார்கள். தார்ப்பாய், கம்பளி, டார்ச் லைட், தண்ணீர்க் கேன் என்று வெளியில் படுக்கிறவருக்கு வேண்டியதெல்லாம் கையைக் கடிக்காத விலையில் கிடைக்கும். மற்றவர்கள் பிரியத்தில் வாங்குவார்கள். நான் துப்புத் துலக்க வாங்கினேன்.

முதலில் சாம்பல் நிறக் கம்பளி ஒன்று. அவர் திரும்பி வந்து குளிக்கப் போனதும் விரித்து முகர்ந்து பார்த்தேன். பவுடர் வாசனை இல்லை, பூ வாசனை இல்லை, ஒரே புகை. நெருப்பில்லாமல் புகையாது, சரி. ஆனால் அது எவள் வீட்டு அடுப்போ, யார் கண்டது?

அடுத்தது டார்ச் லைட். புது பேட்டரி போட்டு, காட்டில் இருட்டாக இருக்குமே என்று தேனாகப் பேசிக் கொடுத்தனுப்பினேன். மூன்று வாரம் போய் வந்தும் வெளிச்சம் மங்கவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்தது போல இருந்தது எனக்கு. திருநெல்வேலிக்காரர் வீட்டுக்கு வந்தபோது அவரிடமே கேட்டுவிட்டேன்.

“அங்ஙன லைட் அடிக்கக் கூடாதுன்னு ஊர்க்காரங்க சொல்லுதாங்க மதினி. யானை நடமாட்டம் உண்டும்லா” என்றார்.

கேட்டதும் பதில் வந்துவிட்டது பாருங்கள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள்.

பிறகு கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று அந்தத் திருநெல்வேலிக்காரர் ஊருக்குப் போனார். இவர் தனியாகவே கிளம்பினார். தனியாக! அன்று சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கிப் பையில் வைத்தேன். அஞ்சு மணிக்கு அடிக்கும்படி நானே திருகினேன். பஸ்ஸை விட்டுவிட்டேன் என்ற சாக்கு இனி செல்லாது.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தார்.

“என்னாங்க, மத்தியானம் வரவேண்டிய ஆளு?”

“தூங்கிட்டேன். காலைல பஸ்ஸு போயிடுச்சி.”

“கடிகாரம் என்னா பண்ணுச்சி?”

“அது அடிக்கல. தலமாட்டுலதான் வெச்சிருந்தேன்.”

பொய். வாங்கும்போது நானே அடிக்கவைத்துப் பார்த்த கடிகாரம் அது. அவர் சுவரைப் பார்த்துக் கட்டிலில் சாய்ந்தார். கடிகாரத்தை எடுத்து, இரண்டு நிமிஷத்தில் அடிக்கும்படி திருகி, அவர் முதுகுப் பக்கம் ஸ்டூலில் வைத்தேன். அது அடிக்கட்டும், மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்கிறார் பார்க்கலாம் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன்.

அடித்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா சுவருக்கு அந்தாண்டையிலிருந்து, “அதன்ன நில்ஸம்மா” என்று நிறுத்தச் சொன்னாள். இவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தை அவர் காதருகே கொண்டுபோனேன். அவர் அசையவில்லை.

தோளைத் தொட்டதும் திரும்பினார். கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“அடிச்சிச்சா?” என்றார்.

பிரஸ் மெஷின் சத்தத்தில் ஒரு வருஷமாகவே அப்படித்தானாம். பேச்சு ஓரளவு கேட்குமாம். மணி, விசில் மாதிரி கீச்சென்ற சத்தம் போய்விட்டதாம். “காதுக்குள்ள மட்டும் ஓயாம ஒரு விசிலு. வீட்டுல படுத்தா அதான் பெருசா கேக்குது. ஆத்தங்கரைல தண்ணி எரைச்சல்ல அது அமுங்கிப் போவுது. அங்க மட்டுந்தாம்மா தூக்கம் வருது.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்னாங்க?”

“உனக்குத் தெரிஞ்சா சண்டைல வெளிய வந்துடும். கம்பெனிக்குத் தெரிஞ்சா கேட்டுக்கு வெளிய நிக்கணும்.”

என் வாயை அவர் சரியாகத்தான் எடை போட்டிருந்தார். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குள் இன்னொன்று உறைத்தது. யானை நடமாடும் காட்டில், மணிச்சத்தம் கேட்காத மனுஷர் முந்தின நாள் தனியாகப் படுத்திருந்தார். நான் அந்நேரம் வீட்டில் உட்கார்ந்து, எந்த ஊர்க்காரி என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழன் ஜூஜுவாடியில் இன்னொரு கம்பளி வாங்கினேன், எனக்கு. நானும் அவருமாக ஆற்றங்கரைக்குப் போய் இறங்கியதும் நாலாபுறமும் ஒருமுறை பார்த்தேன், பழக்கதோஷம். பாறை, மணல், தண்ணீர் தவிர யாருமில்லை. பாறை மேல் அவர் படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். புரளவே இல்லை. இந்த ஒரு வருஷத்தில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் கண்ணை மூடவில்லை. எந்தக் கிளை முறிந்தாலும் கேட்க வேண்டியது இனி என் காதுதான்.

விடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று. வாய் வரைக்கும் வந்துவிட்ட “ஏங்க”வை விழுங்கிவிட்டு, அவர் தோளில் கை வைத்தேன்.