நாற்பத்தொன்பது மீட்டர் வீடு

எங்கள் வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடும். காரைக்குடியில் நீளமான வீடுகளுக்குப் பஞ்சமில்லை; முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பது அங்கே சாதாரணம். ஆனால் நாற்பத்தொன்பது மீட்டர் பிடிக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். அறுபதுகளின் கடைசியில், ஒன்பது வயதுச் சிறுமியாக, நான் பள்ளிக்கூடம் முழுக்க இதைச் சொல்லித் திரிந்தேன்.

அப்பச்சி, அதாவது என் தகப்பனார், மலாயாவில் கடை வைத்திருந்தார். நான் நடை பழகிய காலத்தில் கப்பலேறியவர், பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. அவர் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அந்த வருஷம் அங்கிருந்து வந்த உறவுக்காரர் ஒரு ரேடியோப் பெட்டியை இறக்கி வைத்தார். பொங்கலன்று சாயங்காலம் மலாயா வானொலியின் தமிழ் நிகழ்ச்சியில் அப்பச்சி பேசப்போகிறார், நாற்பத்தொன்பது மீட்டரில் வைத்துக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, சோறு இறங்கவில்லை.

பெட்டிக்குப் பொறுப்பு சித்தப்பா. கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு, வேலை தானாகத் தேடி வரட்டும் என்று இருந்தவர். மீடியம் வேவ் என்றால் அக்கம்பக்கம், ஷார்ட் வேவ் என்றால் கடல் தாண்டி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஷார்ட் வேவுக்குள்ளேயே பத்தொன்பது, இருபத்தைந்து, முப்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்பது என்று தெருத்தெருவாகப் பிரித்திருந்தார்கள். பெட்டியின் முகப்புக் கண்ணாடியில் மெகாசைக்கிள் ஏற ஏற, மீட்டர் இறங்கிக்கொண்டே போனது. மீட்டர் என்பது அலையின் நீளம், அலை வேகமாகத் துடித்தால் நீளம் குறையும் என்றார். நான் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து, வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் ஒப்பித்தேன்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது சித்தப்பா ஆத்தாவிடம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அண்ணன் மனைவியை அவர் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"நாப்பத்தொம்பது மீட்டர் அலையப் பிடிக்க நாப்பத்தொம்பது மீட்டர் கம்பி வேணும் ஆச்சி. மடங்காம நேராப் போகணும். ஓட்டு மேல கட்டுனா குரங்கு அறுத்துப்புடும், வீட்டுக்குள்ளதான் இழுக்கணும்."

ஆத்தாவின் முகம் கறுத்தது. வீடு நீளம்தான், ஆனால் பாதிதான் எங்களுடையது. பாகம் பிரித்தபோது முன்கட்டு எங்களுக்கும், பின்கட்டு அப்பச்சியின் அண்ணனான பெரியப்பாவுக்கும் வந்தது. ஏதோ ஒரு பேச்சு தடித்து, நடுக்கதவில் இரண்டு பக்கமும் தாழ் விழுந்தது. அவர்கள் பின்தெரு வழியாகப் புழங்கினார்கள், நாங்கள் முன்தெரு வழியாக. சித்தப்பா மட்டும் தெருவைச் சுற்றிப் போய் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டு வந்தார்.

"அந்தக் கதவத் தெறக்கணும்னா எனக்கு இந்தப் பொட்டியே வேணாம்" என்றாள் ஆத்தா.

"அப்ப அண்ணன் பேசுறது கேக்காது. ஒங்க இஷ்டம்."

அந்த நேரம் பார்த்து நான் என் படிப்பைக் காட்டினேன். "மீடியம் வேவுல திருச்சி முந்நூறு மீட்டருக்கு மேல போட்டிருக்கே சித்தப்பா. அதுக்கு ஊருணிக்கரை வரைக்கும் கம்பி இழுக்கணுமே. அது மட்டும் எப்புடிக் கம்பியில்லாமக் கேக்குது?"

சித்தப்பா என் வாயில் ஒரு பிடி மனகோலத்தைத் திணித்தார். "அது வேற கணக்கு. நீ தின்னு."

பொங்கலன்று காலையில் ஆத்தா தானாக எழுந்து போய் எங்கள் பக்கத் தாழை நீக்கினாள். கதவைத் தட்டினாள். அந்தப் பக்கம் பெரியப்பா இருமுவது கேட்டது. கணவரின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை என்பதால், பக்கத்தில் நின்ற என்னிடம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள்.

"ஏத்தா, ஒங்க அப்பச்சி இன்னிக்கு ரேடியோவுல பேசுறாக. கம்பி அங்குட்டு வரைக்கும் போகணுமாம். தெறப்பீகளான்னு கேளு."

நான் கேட்கும் முன்பே அந்தப் பக்கத் தாழ் கிறீச்சிட்டது. பெரியப்பாவும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "எந்தம்பி பேசுறதுக்கு எங்கிட்ட என்னத்தக் கேக்குறது?" கம்பியை வாங்கிக்கொண்டு போய், பின்கட்டின் கடைசித் தூணில் அவரே கட்டினார்.

சாயங்காலம் பெரியப்பா குடும்பமும் எங்கள் வளவுத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தது. சித்தப்பா முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஊர்ல அண்ணனும் வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீகளா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடுச்சுவருக்கு அப்பாலிருந்து தினமும் நான் கேட்ட பெரியப்பாவின் குரலை அது அப்படியே உரித்து வைத்திருந்தது. பெரியப்பா பெட்டியைப் பார்த்து, "இருக்கோம்ப்பா" என்றார். ஆத்தா அழுதுகொண்டே எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி போட்டாள்.

கம்பியைக் கழற்றினால் மலாயா போய்விடும் என்று சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பி குறுக்கே கிடந்ததால் கதவைச் சாத்த முடியவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது, சாத்தவே இல்லை.

பின்னாளில் நானும் இயற்பியல் படித்தேன். அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் கம்பி தேவையில்லை, அந்தப் பெட்டிக்கு அதோடு வந்த இரண்டு முழ ஒயரே போதும் என்று அறிந்தபோது வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். அப்படியொரு சித்தப்பா யாருக்கு வாய்ப்பார்?

உண்மையில் அந்தப் பொங்கலன்றே என் கண்ணில் ஒன்று பட்டது. காப்பி டம்ளரோடு பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அத்தனை நீளக் கம்பியின் நுனி சுவரிலிருந்த ஆணியில் சுற்றியிருந்தது, ரேடியோவில் மாட்டியிருக்கவில்லை. பாவம், இவ்வளவு படித்த சித்தப்பா அவசரத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பெரியப்பா முன்னால் அவர் மானம் போகக் கூடாதே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.