பின்னால் கேட்ட மணி

இரண்டு வாரத்துக்கு முன், பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே என் கணவரைத் தொலைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். ஆறடி ஆள்... அதுவும் பட்டப்பகலில்.

ஜோகூரிலிருந்து பினாங்குக்குச் சைக்கிளிலேயே போகிறோம் என்று சொந்தபந்தத்திடமெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியுமா? அதனால் ஞாயிறுதோறும் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிடுகிறோம். எதிர்க்காற்றை வாங்க நான் முன்னால்; என் சக்கரத்தை ஒட்டி அவர் பின்னால். எங்கள் குடும்பமும் அப்படித்தான் ஓடுகிறது — அது வேறு கதை.

போன வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். சைக்கிள் ஓட்டலாம் என்றார் டாக்டர். தனியாக மட்டும் விடாதீர்கள் என்று என்னிடம் சொன்னார்.

எங்களுக்குள் ஒரு சட்டம். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஹேண்டில் ஆடும், இரண்டு பேரும் விழுவோம். குழி வந்தால் கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டேன் என்பதற்குப் பின்னால் இருப்பவர் ஒரு முறை மணி அடிப்பார்.

அன்று மழை விட்ட காலை. சாலையோரச் செடிகளுக்கு அப்பால் எல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். ஒரு குழி வந்தது. கை காட்டினேன். ட்ரிங். இன்னொரு குழி. ட்ரிங்.

“முட்டி வலிக்குதாங்க?” என்று கேட்டேன். பதில் இல்லை. மூச்சு வாங்குகிறார் போல என்று விட்டுவிட்டேன். அடுத்த குழிக்கும் மணி அடித்தது.

மெயின் ரோடு முனையில் இறங்கித் திரும்பினேன். யாரும் இல்லை.

போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. வந்த வழியே மிதித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவரைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டேன்.

தோட்டத்துக்குள் இறங்கும் மண்பாதையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய முன்சக்கரத்தை ஒட்டி ஒரு பெரிய கால்வாய். கறுத்த தண்ணீர், அடி தெரியவில்லை.

“எங்கங்க போனீங்க?”

“நீ எங்க போன? உன் பின்னாலதான் வந்தேன். கைய காட்டி இங்க திரும்பச் சொன்னது நீதானே? வந்து பார்த்தா ஆளயே காணோம்.”

“நான் தார் ரோட்ட விட்டு இறங்கவே இல்லைங்க. நீங்க மணி அடிச்சுக்கிட்டேதானே வந்தீங்க?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மணியா? அத நேத்தே கழட்டிட்டேன் லா. வெயிட்டு குறையட்டும்னு.”

தூரப் பயணத்துக்குத் தயாராகிறவர்களுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கும்; டூத்பிரஷ் காம்பைக்கூடப் பாதியாக வெட்டுவார்கள். ஹேண்டிலைப் பார்த்தேன். மணி இருந்த இடத்தில் ஒரு வளையத் தடம்தான் இருந்தது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டால் போதும்... நம் ஆள்தான் என்று எவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறோம்?

இப்போது சட்டத்தை மாற்றிவிட்டோம். மணியே வேண்டாம். கை காட்டினால், அவர் வாயைத் திறந்து “ஆங்” என்று சொல்ல வேண்டும்.

நேற்று அதே சாலை. முதல் குழிக்குக் கை காட்டினேன்.

“ஆங்” என்றார். அவருக்கும் பின்னால் கொஞ்சம் தள்ளி, இன்னொரு “ஆங்”.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவர் பார்க்கக் கூடாது, இல்லையா?