முப்பது மீட்டருக்கு மேல் வேண்டாம்

ட்ரோன் என்பது பயந்த பெற்றோருக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட கருவி என்று போன சனிக்கிழமை காலை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஷீபா கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். வாரம் முழுக்க இரும்பையும் புகையையும் பார்க்கிறவளுக்கு லீவு நாளில் பாறை பார்க்க வேண்டும். மொட்டைப் பாறை, பிளந்த பாறை, இதோ உருண்டுவிடுவேன் என்று நிற்கும் பாறை... முன்பெல்லாம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதன் மேலெல்லாம் ஏறுவாள். நான் பொன்னேரியில் வீட்டில் உட்கார்ந்து போன் மேல் போன் போடுவேன். எடுக்க மாட்டாள். பாறையில் தொங்குகிறவள் எந்தக் கையால் எடுப்பாள்?

அதனால்தான் ட்ரோன் வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம். கருவி மேலே போகும், மகள் கீழே நிற்பாள். இதைவிடப் பொறுப்பான மருமகன்கூட எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

இந்தத் தடவை ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு பாறைக் குன்று என்றாள். நானும் வருகிறேன் என்றேன். அப்போது அவள் முகம் போன போக்கை இங்கே விவரிக்க வேண்டாம்.

குன்றின் அடியில் ட்ரோனை வைத்துவிட்டு ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். அதன் நடுவில் ஒரு சின்னத் திரை. மேலே கேமரா பார்ப்பதெல்லாம் அதில் தெரியும்.

"இது எவ்ளோ உசரம் போவும்?"

"நூத்தி இருவது மீட்டர் வெச்சுக்கலாம்ப்பா."

"எதுக்கு அவ்ளோ? காத்து அடிச்சிக்கினு போய்ட்டா? முப்பதுக்கு மேல போவாத மாதிரி வை."

"ப்பா... குன்னே அத விட உசரம்."

"முப்பது. இல்லன்னா இப்பவே உங்கம்மாவுக்கு போன் போடுவேன்."

மிரட்டல் பலித்தது. முப்பது வைத்தாள்.

கொஞ்ச நேரம் சொர்க்கம். குன்றின் பக்கவாட்டை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ட்ரோன் பின்பக்கம் போனது. செம்பு நிறத்தில் பாறைகள், நடுவே நீளமான வெடிப்பு, வெடிப்புக்குள் சப்பாத்திக்கள்ளி... திடீரென்று திரை உறைந்துவிட்டது. குன்று மறைத்து சிக்னல் போய்விட்டதாம்.

அப்படிப் போனால் ட்ரோன் பதறாது. கிளம்பிய இடத்துக்குத் தானாகவே நேர்கோட்டில் திரும்பிவிடும். நல்ல வளர்ப்புதான். ஆனால் நேர்கோட்டில் குன்று இருந்தது. மேலே எழும்பித் தாண்டி வரலாமே? வரலாம் — முப்பது மீட்டருக்கு மேல் கூடாது என்று யாரும் சொல்லாமல் இருந்திருந்தால்.

குன்றின் விளிம்பில் ஒரு புதரில் மோதிச் சிக்கிக்கொண்டது. விளிம்பு வரை வந்துவிட்டதால் சிக்னல் கிடைத்து, திரைக்கு மறுபடி உயிர் வந்தது. சாய்ந்த வானம், ஒரு கிளை, செங்குத்தாக இறங்கும் பாறை.

ஷீபா என்னைப் பார்த்தாள். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஷூ லேஸை இறுக்கினாள்.

"வேணாம்மா. போனா போவட்டும்."

"மழைக்கு அப்புறம் எடுத்த படம் அத்தனையும் அதுல தான்ப்பா இருக்கு. நீ திரையப் பாத்துக்கினு இரு. நான் கிட்ட போனா தெரிவேன்."

ஏறினாள். பாறை மடிப்பில் மறைந்தாள். அதற்குப் பிறகு மகள் என்று எனக்கு இருந்தது அந்தத் திரை மட்டும்தான். அதில் வெறும் பாறை.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னா சார், பொண்ண மலை மேல ஏத்திவுட்டு நீ நெழல்ல குந்திக்கினு டிவி பாக்கற?"

"அவளத்தாம்மா பாக்கறேன்."

எட்டிப் பார்த்தார். "எங்க? கல்லுதானே கீது."

என் பிரச்சினையும் அதுதான்.

திரையின் ஓரத்தில் ஒரு கை வந்தது. விரல்கள் பாறையைத் தடவின. பிடி கிடைக்கவில்லை. கை போய்விட்டது. பிறகு... ஒன்றுமே இல்லை. அவள் பிறந்த நாளிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் வெறும் ஒத்திகை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுபடி கை. அப்புறம் நெற்றி. அப்புறம் வியர்வையும் மண்ணுமாக முழு முகம், திரை நிறைய. என்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

"தோ, வந்துட்டா. நீ மூஞ்சத் தொடச்சிக்க சார்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஆடுகளின் பின்னால் போனார்.

ஷீபா ட்ரோனோடு இறங்கி வந்து ரிமோட்டைக் கேட்டாள். கொடுக்க முடியவில்லை. என் கட்டைவிரல் அதில் ட்ரோனை மேலே எழுப்புகிற குச்சியை மேல்பக்கமாக அழுத்தியபடியே இறுகிப் போயிருந்தது. அவளைத் தூக்கிவிடுவதாக நினைப்போ என்னவோ.

"ப்பா, எவ்ளோ நேரமா இத அமுக்கிக்கினு இருக்க?"

"நீ ஏறுனதுலேர்ந்து."

விரலை மெதுவாக எடுத்துவிட்டாள். "மோதுனதும் மோட்டார் தானா நின்னுடுச்சு, பொழச்சேன். இல்லன்னா நான் கை வெக்கற நேரம் பாத்து றெக்க சுத்தியிருக்கும். வெரல் போயிருக்கும்."

நான்கு நாளாகிவிட்டது. டம்ளரைப் பிடித்தால் கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. பிள்ளைகள் எவ்வளவு உயரம் போகலாம் என்று நாம்தான் முடிவு செய்கிறோம் — எதிரே இருக்கும் குன்றின் உயரத்தைப் பார்க்காமலே.

அன்று அங்கே பாம்பு வரவில்லை, கல் உருளவில்லை, காற்றுகூட அடங்கித்தான் இருந்தது. என் மகளுக்கு இருந்த ஒரே ஆபத்து, கீழே நிழலில் உட்கார்ந்து அவளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது.